பர்மனென்ட் அட்ரஸ் எழுதிக் கொடுத்தவள்

இங்கிலீஷ் வார்த்தை எதையும் நான் சும்மா விடுவதில்லை. யாராவது என்னிடம் "டோன்ட் வொர்ரி மேடம்" என்று சொல்லிவிட்டால் அந்த நிமிஷத்திலிருந்து எனக்குக் கவலை ஆரம்பித்துவிடும். "ப்ராசஸ்ல இருக்கு" என்றால் அந்தப் பேப்பரை யாரும் இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஆல்மோஸ்ட் கன்ஃபார்ம்" என்றால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். அகராதியில் இதற்கெல்லாம் நல்ல அர்த்தம்தான் போட்டிருக்கிறது. எழுதின புண்ணியவான்கள் தாராவியில் ஒரு வருஷம் குடியிருந்து பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறார். அவருக்கு இங்கிலீஷ் என்றால் பைக்குள் வைத்துத் தைக்கிற லேபிள், அவ்வளவுதான். "ஒனக்கு ஒருத்தன் குட் மார்னிங் சொன்னாலும், இவன் எதுக்குச் சொல்லுதான்னு வீட்டுக்கு வந்து ஒக்காந்து யோசிப்ப" என்று கேலி செய்வார். யோசிப்பேன்தான். அதில் என்ன தப்பு?

இந்தப் புத்தி எனக்குப் பிறவியில் வந்தது இல்லை. முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்துவிட்டு மாதுங்காவில் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆபீசில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். 'தருவோம்' என்பதைப் பெரிய எழுத்தில் போட்டு, 'தரமாட்டோம்' என்பதைக் கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி அச்சடிப்பார்கள். புருஷனை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு ஓடிவந்து நிற்கிற பெண்களுக்கு நான்தான் அந்தக் கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டுவேன். எங்கள் முதலாளி நல்ல மனுஷர்தான். இருந்தாலும் "பாலிசில 'சப்ஜெக்ட் டு'ன்னு போட்டிருக்கேம்மா, நான் என்ன பண்றது" என்று அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றும்போது நான் அந்தக் கடைசிப் பக்கத்தை மறுபடியும் புரட்டுவேன். அப்படிப் புரட்டிப் புரட்டித்தான் ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கப் பழகினேன்.

எங்கள் சந்தில் யாருக்கு ஃபார்ம் வந்தாலும் என்னிடம்தான் வரும். பேங்க் ஃபார்ம், கேஸ் ஃபார்ம், ஸ்கூல் அட்மிஷன், ஆஸ்பத்திரி கார்டு, எல்லாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன் என்றால் மத்தியானம் வரைக்கும் எழுத்து ஓயாது. கேபிடல் லெட்டரில், ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்தாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன். "நீ எழுதுனா அச்சடிச்ச மாதிரி இருக்குட்டி" என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

எதிர் வீட்டில் இருப்பவளை மயினி என்று கூப்பிடுவேன். அண்ணன் பொண்டாட்டி முறை இல்லை, சந்து முறை. இட்லி போடுகிறவள். விடியற்காலையில் அவள் வீட்டு ஆவி என் வீட்டுக்குள் வந்துதான் வெளியே போகும். ஆறரை மணிக்கு இட்லிப் பானையும் சட்னி வாளியுமாகத் தொண்ணூறடி ரோட்டு முனையில் போய் உட்கார்ந்தாள் என்றால் பத்து மணிக்குக் காலியாகிவிடும். கல்யாணமான கையோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள். அவளை முலுண்டில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மருமகன் ஏதோ கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை, பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான்.

வீடுகளை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டப் போகிறார்கள், இருப்பவர்களுக்கெல்லாம் அதில் வீடு என்று பேச்சு வந்து, ஒருவழியாக சர்வேயும் வந்தது. கழுத்தில் அட்டை தொங்க, கையில் டேப்லெட்டோடு ரெண்டு பேர் வந்தார்கள். கதவில் பெயின்டால் நம்பர் எழுதினார்கள். என்ன டைப் பண்ணுகிறீர்கள் என்று ஹிந்தியில் கேட்டேன். "சிம்பிள் டேட்டா, மேடம்" என்றான் ஒருவன். சிம்பிள் என்று சொன்ன பிறகு நான் விடுவேனா? திருப்பிக் காட்டினால்தான் கதவைத் திறப்பேன் என்று நின்றேன். தலையில் அடித்துக்கொண்டு காட்டினான். என் பெயரும், சுவர் செங்கல், கூரை ஷீட் என்பதும்தான் இருந்தது. சந்தே சிரித்தது.

கொஞ்ச மாதம் கழித்து லிஸ்டை கோயில் பக்கத்து ஹால் சுவரில் ஒட்டினார்கள். எங்கள் வீட்டுக்கு நேராக 'எலிஜிபிள்'. மயினி வீட்டுக்கு நேராக 'பென்டிங்'. பென்டிங் என்றால் ஒன்றுமில்லை, வந்துவிடும் என்று எங்கள் சந்துக் கமிட்டிக்காரர் ஒருவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே சொரேர் என்றது. ஒன்றுமில்லாததற்கு எதற்கு ஒரு வார்த்தை?

அடுத்த மாதம் மயினி மாவுக் கையோடு ஒரு கவரைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"என்னட்டி போட்டிருக்கு?"

வாசித்தேன். நாட் எலிஜிபிள். காரணம், நாட் ஆர்டினரிலி ரெசிடிங். ஆட்சேபம் இருந்தால் இரண்டரை மாதத்துக்குப் பிறகு செம்பூர் ஆபீசில் ஹியரிங் வைத்திருக்கிறார்கள், வந்து சொல்லலாம்.

"நீங்க இந்த வீட்டுல குடியிருக்கலன்னு சொல்லுதான் மயினி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் இங்கன இல்லன்னா பெறகு காலையில மாவு ஆட்டுதது யாரு, பேயா?"

சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "வீடு கெடைக்காதோ?"

"கெடைக்காது."

அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஊரில் புருஷன் வீடு இடிந்து குட்டிச்சுவராகக் கிடக்கிறது. இந்த ஒற்றை அறை போனால் அடுப்பும் போச்சு, ரோட்டு முனையும் போச்சு. "மக வீட்டுல போயி நாள் பூரா டிவி பாத்துக்கிட்டு இருக்கவாட்டி? நான் செத்துருவேன்" என்றாள். மெய்யாகவே செத்துவிடுவாள் என்றுதான் எனக்கும் பட்டது.

ஆர்டினரிலி. அந்த ஒரு வார்த்தையோடு நான் நாலு நாள் மல்லுக்கட்டினேன். சாதாரணமாக, வழக்கமாக என்று அகராதி சொல்கிறது. வழக்கமாக இங்கே இல்லாதவள் என்று யாரோ சொல்லாமல் ஆபீஸ்காரனுக்கு எப்படித் தெரியும்? யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் கமிட்டிக்காரர் மேல் சந்தேகப்பட்டேன். எதற்கெடுத்தாலும் "செட்டிங் பண்ணிரலாம்", அதாவது காசு கொடுத்து முடித்துவிடலாம், என்று சொல்கிற ஆள். ஆனால் அவர் பெண்டாட்டியே மயினியிடம்தான் இட்லி வாங்குகிறாள். பிறகு கதவில் நம்பர் எழுதினவர்களை நினைத்தேன். கடைசியில் மருமகனிடம் வந்து நின்றேன்.

காரணம் இருந்தது. கவர் வருவதற்கு ரெண்டு மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்திருந்தான். மாமியாரின் ஆதார் கார்டு, பேங்க் புஸ்தகம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி போனில் படம் எடுத்தான். நான் எதிர் வாசலில் உட்கார்ந்து இன்னொருத்திக்கு ஃபார்ம் எழுதிக்கொண்டே பார்த்தேன். "எதுக்கு மாப்பிள்ள?" என்று மயினி கேட்டதற்கு "ஜஸ்ட் ஃபார் ரெஃபரென்ஸ், அத்தை" என்றான். நாமினி யார் என்று வேறு கேட்டான். பிறகு சந்தில் நின்று போனில் யாரிடமோ 'டிபென்டென்ட், டிபென்டென்ட்' என்று ரெண்டு தடவை சொன்னான்.

இப்போது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. எங்கள் ஆபீசில் டிபென்டென்ட் என்று ஒருவரைப் போட்டால் அவர் நம்மோடு, நம் கூரைக்குக் கீழே, நம் சோற்றில் இருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மாமியார் முலுண்டில் தன்னோடு இருக்கிறாள் என்று அவன் எங்கோ எழுதிக் கொடுத்திருக்கிறான். அதனால் இங்கே இல்லை என்று ஆகிவிட்டது. என்ன லாபத்துக்கு என்று எனக்குத் தெரியவில்லை. லாபம் இல்லாமலா நாமினியைக் கேட்பான்?

மயினியிடம் சொன்னேன்.

"சே, அவரு அப்படிச் செய்ய மாட்டாருட்டி."

"வார்த்தையப் பாருங்க மயினி. ஒங்கள அவன் வச்சிக் காப்பாத்துதான்னு அர்த்தம். நீங்க இங்கன இல்லன்னு அர்த்தம். நான் தெனமும் பாக்குத வார்த்தை, எனக்குத் தெரியாதா?"

அவள் அப்போதும் தலையை ஆட்டிக்கொண்டேதான் இருந்தாள். நான் விடவில்லை. ரெஃபரென்ஸ் என்றால் என்ன, நாமினி என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தேன். இங்கிலீஷ் தெரியாதவளிடம் இங்கிலீஷை வைத்து வாதாடினால் யார் ஜெயிப்பார்கள்? அன்று சாயந்திரமே மகளுக்குப் போன் போட்டாள். மகளுக்கு அப்போது எட்டாம் மாதம், தலைப்பிரசவம். எங்கள் வீடுகளில் படுக்கப் பரணுக்கு ஏணி ஏறி இறங்க வேண்டும், அதனால் மயினியே முலுண்டுக்குப் போய் நாற்பது நாள் இருந்து பார்ப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். போனில் மகள் அழுதாள். மருமகன் போனை வாங்கினான். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"என்னைப் பத்தி இப்டியா அத்தை நினைச்சீங்க?"

அவ்வளவுதான் சொன்னான். கட் பண்ணிவிட்டான். 'பார்த்தீர்களா, இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னானா' என்றுதான் எனக்குத் தோன்றியது. அதையும் மயினியிடம் சொல்லிவிட்டேன்.

பிறகு போக்குவரத்து இல்லை. பிள்ளை பிறந்ததே காட்கோபரில் இருக்கிற சொந்தக்காரப் பெண் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பெண் குழந்தை. மயினி இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் நின்ற பிறகும். மனசு கேட்காமல் "ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்" என்றேன்.

"வீட்டப் புடுங்குதவரு வாசல்ல போயி எப்படிட்டி நிக்கச் சொல்லுத?"

அது அவள் பேச்சு இல்லை, என் பேச்சு. அவள் வாயில் அதைக் கேட்டபோதுகூட, சரியாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹியரிங் அன்று லீவு போட்டுவிட்டு மயினியோடு போனேன். சுனாபட்டியில் ரயில் ஏறி மூன்றாவது ஸ்டேஷன் செம்பூர். மயினி கல்யாண வீட்டுக்குப் போகிற பட்டுச் சேலையைக் கட்டியிருந்தாள். பேப்பர்களெல்லாம், வீட்டில் ஆணியில் தொங்குகிற ஒரு பிளாஸ்டிக் பையோடு அவள் மடியில் இருந்தன. ஆபீசில் ஒரு மராட்டிக்கார அம்மா, என் வயதிருக்கும். உட்காருங்கள் என்று சொல்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். அந்த மரியாதையே எனக்குப் பிடிக்கவில்லை. மரியாதை கொடுத்து உட்காரவைத்தால் கையெழுத்துக் கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

அந்த அம்மா ஹிந்தியில் நிதானமாகச் சொன்னாள். கரன்ட் பில் இறந்துபோன புருஷன் பேரில் இருக்கிறது. அது சரி. ஆனால் புருஷன் போன பிறகு இந்த அம்மா இங்கேயே இருந்தாரா, ஊருக்குப் போய்விட்டு வீட்டை வாடகைக்கு விட்டாரா என்று பார்க்க வேண்டும், நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். இவர் பேரில் இருக்கிற பேப்பர் எல்லாம் புருஷன் போனதற்குப் பிறகு எடுத்தவை. நீங்களே பாருங்கள்.

சர்வேக்கு மயினி கொடுத்திருந்த நகல்களை மேஜை மேல் வரிசையாக வைத்தாள். பேங்க் ஃபார்ம், கேஸ் ஃபார்ம், ஆஸ்பத்திரி கார்டுக்கு எழுதினது, போன் சிம்முக்கு எழுதினது. ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் பேனாவை வைத்துக் காட்டினாள். பர்மனென்ட் அட்ரஸ் என்ற கட்டத்தில் ஊர் பெயர், தாலுகா, திருநெல்வேலி மாவட்டம். பிரசென்ட் அட்ரஸ் என்ற கட்டத்தில் தாராவி. ஒரு ஃபார்மில் அதற்குக் கீழே டெம்ப்ரவரி என்று கேட்டிருந்த இடத்தில் அழகாக ஒரு டிக்.

"நான் ஊரில்தான் நிரந்தரமாக இருக்கிறேன், இங்கே தற்காலிகம் என்று இவரே நாலு இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் என்ன நினைப்பது, சொல்லுங்கள்."

நான் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேபிடல் லெட்டர், கட்டத்துக்கு ஒன்று, அடித்தல் திருத்தல் இல்லை. 'டி' எழுத்தின் தலையில் நான் இழுக்கிற நீளமான கோடு நாலு ஃபார்மிலும் இருந்தது.

பம்பாயில் எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். 'நேட்டிவ் எங்கே' என்று யார் கேட்டாலும் ஊரைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகூடத் திருநெல்வேலி பக்கம் என்று சொல்லும். அதே மாதிரி பர்மனென்ட் அட்ரஸ் என்று ஃபார்மில் பார்த்தால் கை தானாக ஊரை எழுதும். என் அப்பாவும் அப்படித்தான் எழுதினார், சந்தில் எல்லோரும் அப்படித்தான். தாராவியை பர்மனென்ட் என்று எழுதினால் என்னமோ நாதியற்றவர்கள் மாதிரி ஒரு கூச்சம். ஊரில் ஒரு அடி நிலம் இருக்கிறதா, வீட்டுக்கு மேலே கூரை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. உலகத்தில் உள்ள அத்தனை இங்கிலீஷ் வார்த்தையையும் காலரைப் பிடித்து விசாரிக்கிறவள், என் கையால் எழுதுகிற வார்த்தையை ஒரு நாளும் விசாரிக்கவில்லை.

பேங்க் ஃபார்ம் எழுதின ஞாயிற்றுக்கிழமை இப்போது நினைவுக்கு வந்தது. மயினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அது எதுக்குட்டி ஊரு பேரு? அங்கன யாரு இருக்கா?" என்று கேட்டாள். எனக்கு நல்ல ஞாபகம். நான் நிமிராமலே சொன்னேன், "சும்மா ஃபார்மாலிட்டி மயினி. எல்லாரும் இப்படித்தான் எழுதுவாவ."

அந்த அம்மா கேட்டாள், "இதையெல்லாம் யார் எழுதினது?"

நான்தான் என்று சொன்னால் என் பேர் கேட்பார்கள், வீட்டு நம்பர் கேட்பார்கள். என் ஃபைலை எடுப்பார்கள். அதிலும் இதே எழுத்து, இதே ஊர், இதே கட்டம். சந்தில் பாதி வீட்டு ஃபைலில் என் எழுத்துதான் இருக்கிறது. எலிஜிபிள் என்று வந்த வார்த்தை எங்களுக்கு எத்தனை நாள் நிற்கும்? மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மயினிக்கு ஹிந்தி அரைகுறைதான். ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. பட்டுச் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னாள், "ரோட் பே ஏக் ஆத்மி பைட்தா ஹை, உஸ்னே லிகா." ரோட்டில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஓர் ஆள் எழுதினான் என்று. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இவள் இதற்குப் பதிலாக என்னிடம் என்ன கேட்கப் போகிறாள் என்று. சத்தியமாக அதுதான் தோன்றியது. தன் வீடு போகிற நேரத்தில் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறவளைப் பார்த்து அப்படி ஒரு நினைப்பு. சீ, இதுவும் ஒரு ஜென்மமா என்று இருந்தது.

"மைனே லிகா" என்றேன். நான்தான் எழுதினேன். அவரிடம் கேட்காமல் எழுதினேன். எங்கள் சந்தில் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதினேன். இந்த அம்மா ஒரு நாள்கூட இந்த வீட்டை விட்டுப் போனதில்லை, தினமும் காலையில் ரோட்டு முனையில் இட்லி விற்கிறாள். உங்கள் ஆட்களை ஆறரை மணிக்கு அனுப்பிப் பாருங்கள்.

ஆபீஸ் அம்மா ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினாள். சொன்னதை அப்படியே எழுதி, பேரும் வீட்டு நம்பரும் போட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னாள். எழுதினேன். கட்டமில்லாத தாளில் எழுத்து மேலும் கீழும் போயிற்று. அவள் அதை வாங்கி ஃபைலில் கோர்த்துவிட்டு, உள்ளேயிருந்து இன்னொரு தாளை எடுத்தாள்.

"இதுவரைக்கும் இவர் பக்கம் இருந்தது இந்த ஒரு பேப்பர்தான். இப்போது உங்களுடையதும் சேர்ந்ததால் எடுத்துக்கொள்ளலாம்."

மருமகன் எழுதின கடிதம். போனில் நாங்கள் அவனைப் பேசின மறு வாரமே இதே ஆபீசுக்கு வந்து நேரில் கொடுத்திருக்கிறான். இங்கிலீஷில் எழுதியிருந்தான். என் மாமியார் முலுண்டில் எங்களோடு வசிக்கவில்லை. என் ஆபீஸ் மெடிக்கல் இன்ஷூரன்சில் மட்டும் அவரை டிபென்டென்டாகச் சேர்த்திருக்கிறேன், வயதான காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவும் என்பதற்காக. எங்களோடு வந்து இருக்கும்படி பல தடவை கூப்பிட்டும் அவர் வரவில்லை. தாராவியில் அந்த வீட்டில்தான் வசிக்கிறார், அங்கேதான் தொழில் செய்கிறார். தேவைப்பட்டால் நேரில் வந்து சொல்லத் தயார். கீழே கையெழுத்து, போன் நம்பர்.

பாலிசி வாசிக்கிற மாதிரி ரெண்டு தடவை வாசித்தேன். ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டிப் பார்த்தேன். தாளைத் திருப்பியும் பார்த்தேன். பின்னால் ஒன்றும் இல்லை.

"என்னட்டி எழுதியிருக்காரு?" என்றாள் மயினி.

தமிழில் சொன்னேன். பாதியிலேயே அவள் முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை, தோள் மட்டும் ஆடியது. என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். சவத்து மூதி, உன் பேச்சைக் கேட்டு நாசமாய்ப் போனேனே என்று ஆபீசே அதிரக் கத்தியிருக்கலாம். முகத்தைத் துடைத்துவிட்டு எழுந்து, "முலுண்டுக்குப் போவணும். இப்பமே" என்றாள்.

வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரத்தில் புது லிஸ்ட் வந்தது. மயினிக்கு எலிஜிபிள். எங்கள் வீட்டுக்கு 'ரீ-வெரிஃபை' என்று வந்து, மாமனார் காலத்து ரசீதுகளைத் தூக்கிக்கொண்டு நான் இன்னும் செம்பூருக்கு நடந்துகொண்டிருக்கிறேன். சந்தில் மூன்று வீட்டுக்கும் அதே வார்த்தை. அவர்கள் இப்போது ஃபார்மை வேறு யாரிடமோ கொடுத்து எழுதிக்கொள்கிறார்கள். என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். நியாயம்தான்.

அன்றைக்கு குர்லாவில் வண்டி மாறி முலுண்டில் இறங்கினோம். வழியெல்லாம் நான் உள்ளுக்குள் பேசிக்கொண்டே வந்தேன். டிபென்டென்ட் என்றால் எங்கள் ஆபீசில் என்ன அர்த்தம், பர்மனென்ட் அட்ரஸில் ஏன் ஊரை எழுதுவோம், இதையெல்லாம் எந்த வரிசையில் சொன்னால் மகளுக்குப் புரியும் என்று.

நாலாவது மாடி. மகள்தான் கதவைத் திறந்தாள், தோளில் பிள்ளை. மருமகன் ஆபீஸ் போயிருந்தான். மயினி ரெண்டு கையையும் நீட்டினாள். மகள் அம்மாவின் பட்டுச் சேலையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பிள்ளையைக் கொடுத்தாள். மயினி பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் நானும் மகளும்தான்.

நான் ஆரம்பித்தேன். தப்பு முழுக்க என்னுடையது, ஒன் வீட்டுக்காரர் மேல ஒரு குத்தமும் இல்ல என்றேன். ஃபார்மைச் சொன்னேன், கட்டத்தைச் சொன்னேன், டிபென்டென்ட் என்பதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று சொன்னேன்.

"அந்த வார்த்தைக்கெல்லாம் எனக்கு அர்த்தம் வேண்டாம் அக்கா" என்றாள் கடைசியில். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வலி எடுத்த அன்னிக்குக் காலைல ஆஸ்பத்திரிலேர்ந்து அம்மாவுக்கு மூணு வாட்டி போன் பண்ணினாரு. அம்மா எடுக்கல. எங்கம்மா போனை எடுக்காம இருக்கிற ஆளு இல்ல. நீங்க சொன்னீங்களா?"

இதை நான் இந்த நேரம் வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை, மேலே எழுதும்போதும் விட்டுவிட்டேன். அன்று காலையில் நான் மயினி வீட்டில்தான் இருந்தேன். அடுப்புத் திண்டு மேல் இருந்த போன் அடித்தது, மருமகன் பேர் வந்தது. மயினி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "எடுக்காதீங்க மயினி, சமாதானம் பேசுத மாதிரி பேசி எதிலயாவது கையெழுத்து கேப்பான்" என்றேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி அடித்தது. அதற்குப் பிறகும் அடித்தது. மூன்றாவது தடவை அடித்து நிற்கிற வரைக்கும் நான் அவள் பக்கத்திலேயே நின்றேன்.

"ஆமா," என்றேன். "நான்தான் சொன்னேன்."

அவள் கதவைச் சாத்தவில்லை. உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றேன்.